‘மை’ என்றால் வா

என் மருமகள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி பாரிட் புந்தாருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள் முதல் முறையாகத் தனியாக கிளினிக்குக் கிளம்பினாள்.

“நானே போய்ட்டு வந்துடுறேன் அத்தை. இத்தனை மாசமா மலாய் படிச்சது எதுக்கு?” என்றாள்.

எனக்கும் பெருமைதான். சொல்லிக் கொடுத்தது நானாயிற்றே. முப்பது வருடத்துக்கும் மேல் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய்மொழி கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்கு வந்த மருமகளை விட்டுவிடுவேனா? தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் பாடம். புத்தகம் ஒன்று, நோட்டு ஒன்று, கைப்பேசியில் ஒரு செயலி. ஆறே மாதத்தில் அவள் மலாய்ச் செய்தி பார்த்துப் பாதிக்கு மேல் புரிந்துகொண்டாள். மின்சார பில்லைப் படித்துக் காட்டினாள். எழுத்துப் பிழை இல்லாமல் பத்து வரி எழுதினாள்.

கிளினிக்கில் தாதி சிரித்த முகமாகத்தான் கேட்டிருக்கிறார். “ஹாரி நி ராசா லாகு மானா?”

‘லாகு’ என்றால் பாட்டு. நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ‘மானா’ என்றால் எது, எங்கே. ‘ராசா’ என்றால் உணர்வு. இன்றைக்கு எந்தப் பாட்டு என்று ஏன் கேட்கிறார் என்று இவள் விழித்திருக்கிறாள். தாதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். “சாக்கிட் டாக்?”

‘சாக்கிட்’ வலி என்று தெரியும். அந்த ‘டாக்’ எந்தப் பாடத்திலும் வரவில்லை. மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மரியாதைக்கு “யா” என்று தலையாட்டிவிட்டாள். வலி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, மருத்துவர் பார்க்கட்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். கடைசியில் மருத்துவர் ஆங்கிலத்தில் விசாரித்ததும் விஷயம் தெரிந்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். யார் மேலும் தப்பில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகை சாதாரணமானதில்லை. “என்னை மட்டும் தனியா உட்கார வச்சதும், குழந்தைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன் அத்தை. கேக்கறதுக்குக்கூட வாய் வரல.”

‘லாகு மானா’ என்றால் நம் ஊரில் ‘எப்படி’ என்று அர்த்தம். ‘டாக்’ என்பது ‘தீடாக்’ என்பதன் குறுக்கம். வலி இருக்கா, இல்லையா என்று கேட்டிருக்கிறார். இது இரண்டும் எனக்குத் தெரியாதா? நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில்தானே. காது கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்ட மொழி அது. பிறகு ஏன் அவளுக்குச் சொல்லித் தரவில்லை?

அதைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன்.

நம் ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைப் பாருங்கள். பேராக்கின் வடமேற்கு மூலை. கெரியான் ஆற்றுப் பக்கம் போனால் அந்தப் பக்கம் பினாங்கின் நிபோங் திபால். இன்னொரு பக்கம் கெடாவின் பண்டார் பாரு. மூன்று மாநிலம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடம். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கெரியான் வட்டாரம் சில காலம் கெடாவின் கையில் இருந்தது. 1848இல்தான் பேராக்கிடம் திரும்பியது. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் வாய்க்கால்களும் கட்டி முடிக்கப்பட்டன. நெல் வயல் பெருகியது. கெடா, பினாங்கிலிருந்து மலாய்க்காரர்களும் கலிமந்தானிலிருந்து பாஞ்சார் மக்களும் குடியேறினார்கள். அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களுக்காக நம்மவர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் மலாய் படிக்கவில்லை. வயலில், கடையில், படகுத் துறையில், பக்கத்து வீட்டில் காதால் கேட்டுப் பழகினார்கள். அவர்கள் கேட்டது வடக்கு மலாய்.

அரசு பேராக்கில் எழுதி வைத்திருந்தாலும் நம் ஊர் நாக்கு கெடாவோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ என்பதற்கு ‘ஹாங்’. நீங்கள் எல்லாரும் என்பதற்கு ‘ஹம்பா’. அவர்கள் என்பதற்கு ‘டெப்பா’. போ என்பதற்கு ‘பெர்கி’ இல்லை, ‘பி’. வா என்பதற்கு ‘மாரி’ இல்லை, ‘மை’. ஏன் என்பதற்கு ‘ஆவாட்’. கொஞ்சம் பொறு என்பதற்கு ‘சாட்’. இல்லை என்பதற்கு ‘தக் டாக்’. பாசாரில் பழைய ஆட்கள் இன்னும் பத்து சென்னை ஒரு ‘கூப்பாங்’ என்றே சொல்கிறார்கள். ‘லீமா கூப்பாங்’ என்றால் ஐம்பது சென்.

மருமகளுக்கு நான் இவற்றைச் சொல்லித் தராததற்குக் காரணம், என் கையில் முப்பது வருடமாக இருந்த சிவப்புப் பேனா.

ஒரு பையனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு. தோட்டப்புறத்துப் பிள்ளை. ‘என் குடும்பம்’ என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். அம்மா பாசாருக்குப் போவார் என்று எழுத வேண்டிய இடத்தில், காதில் கேட்டபடியே ‘பி பாசாக்’ என்று எழுதியிருந்தான். இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். “இது மலாய் இல்லை” என்றேன்.

“எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க டீச்சர்.”

“அப்போ உங்கம்மா பேசுறதும் தப்பு.”

வட்டம் போட்டது சரி. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போயிருக்கும். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் நான் சொல்லியிருக்கக் கூடாதது. அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் வாய் திறந்து மலாய் பேசவில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அவனுடைய அம்மா அந்த மலாயை வைத்துத்தான் மருத்துவமனைக்குப் போனார், மீன் வாங்கினார், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு உதவிக்குப் போய் வந்தார். ஒரு நாள்கூட அவருடைய மொழி அவரைக் கைவிட்டிருக்காது. அதைத்தான் தப்பு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

கிளினிக் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வாரம் மருமகள் மலாய் நோட்டைத் தொடவில்லை. “எனக்கு மொழி வராது அத்தை. விட்டுடுங்க” என்றாள். அப்போது அவளிடம் கேட்டேன். “உங்க ஊருக்கு ஒரு வெள்ளைக்காரர் வர்றாரு. தமிழ் படிச்சுட்டுத்தான் வந்திருக்காரு. ‘நான் உணவு உண்ணச் செல்கிறேன்’னு சொல்றாரு. நீ என்ன நினைப்பே?”

சிரித்துவிட்டாள். “தப்பில்லதான். ஆனா யாரும் அப்படிப் பேச மாட்டாங்களே.”

“அவர்கிட்ட நீ ‘சாப்டாச்சா’ன்னு கேட்டா?”

“அவருக்குப் புரியாது.”

“அதுக்காக அவருக்குத் தமிழே வராதுன்னு அர்த்தமா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே சொன்னாள். தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போனபோது ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டால் கேள்வியா, கூப்பிடுவதா என்று முதல் மாதம் குழம்பினாளாம். திருநெல்வேலித் தோழி ‘ஏலே’ என்றதும் கோபப்படுகிறாள் என்று நினைத்தாளாம். இங்கே வந்த முதல் வாரம் “பசியாறியாச்சா?” என்று நான் கேட்டது எதற்கு என்று புரியவில்லையாம். காலை உணவைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று மகன் சொல்லித்தான் தெரிந்ததாம். கடைக்காரர் “பத்து வெள்ளி” என்றதும் நகைக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று பார்த்தாளாம். சொந்தத் தமிழிலேயே இத்தனை வழி இருக்கும்போது, வந்த இடத்து மலாய்க்கு ஒரே வழிதான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. என் அக்கா மகள் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் தாதியாக இருக்கிறாள். அங்கே ஆங்கிலம் தவிர வேல்ஷ் என்று ஒரு பழைய மொழி உண்டு. 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 5 லட்சத்து 38 ஆயிரம் பேர் பேசினார்கள். 2050க்குள் பேசுகிறவர்களைப் பத்து லட்சம் ஆக்க வேண்டும் என்று அந்த அரசு இலக்கு வைத்திருக்கிறது. வயதான நோயாளிகளிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசலாமே என்று இவளும் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே முதல் கேள்வியே, வடக்குப் புத்தகமா, தெற்குப் புத்தகமா என்பதுதானாம். பாலுக்குத் தெற்கே ஒரு சொல், வடக்கே ஒரு சொல். பாட்டிக்குத் தெற்கே ‘மம்கீ’, வடக்கே ‘நைன்’. ‘இப்போது’ என்பதற்குத் தெற்கே ‘நவுர்’, வடக்கே ‘ரூவன்’. அவர்கள் எழுத்தில் ஒரு சொல்லைப் பின்னாலிருந்து எழுதினால் மற்றது வந்துவிடும் என்று எழுதிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே ஆரம்பநிலை மாணவருக்கே இரண்டு பதிப்பு போட்டுக் கொடுக்கிறார்கள். நீ எங்கே வாழ்கிறாயோ அந்த ஊர் மொழியில் ஆரம்பி, மற்றது பிறகு தானாகக் காதில் விழும் என்கிறார்கள். இதைக் கேட்டபோது அந்தப் பையனின் குனிந்த தலைதான் கண் முன்னால் வந்தது.

அதனால் வீட்டுப் பாடத்தை மாற்றினேன். இரவுப் பாடம் இருக்கட்டும், காலையில் வாரம் இரண்டு நாள் பாசார். வேலை மாற்றலாகி வேறு மாநிலம் போகும் ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர், காவல்துறைப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால், எங்களுக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

முதலில், சொல்லை மனப்பாடம் பண்ணாதீர்கள். ஒலி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வடக்கு மலாய் கலைந்து கிடக்கும் மொழி இல்லை, அதற்கென்று ஒழுங்கு உண்டு. சொல்லின் கடைசியில் வரும் ‘ர்’ தொண்டைக்குள் அமுங்கும். ‘ஆயேர்’ ‘ஆயாக்’ ஆகும், ‘பெசார்’ ‘பெசாக்’ ஆகும். கடைசி ‘ஸ்’ மூச்சாகிவிடும். ‘பானாஸ்’ ‘பானாய்ஹ்’, ‘பெராஸ்’ ‘பெராய்ஹ்’. கடைசி ‘ல்’ ‘ய்’ ஆகும். ‘பெத்துல்’ ‘பெத்துய்’, ‘ஜுவால்’ ‘ஜுவாய்’. இந்த மூன்று விதி தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொல் தானாக அவிழும். மருமகள் இதை எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினாள். “நம்ம ஆளுங்க வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’னு சொல்ற மாதிரிதானே அத்தை?” என்றாள். அதேதான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1988 முதல் 2000 வரை பள்ளிகளில் ‘செபுத்தான் பாக்கு’ என்று ஓர் உச்சரிப்பு முறை இருந்தது. எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும். கோலாலம்பூர், ஜொகூர்க்காரர்கள் ‘ஆப்பே’ ‘மானே’ என்பது போலக் கடைசி எழுத்தை மழுக்குவார்கள். அதை ‘ஆப்பா’ ‘மானா’ என்று திறந்து சொல்லச் சொன்னார்கள். நானும் அந்த வருடங்களில் பிள்ளைகளை விரட்டி விரட்டிப் பழக்கினேன். நம் வடக்குப் பக்கத்து மலாய்க்காரர் காலங்காலமாக அப்படித்தான் சொல்கிறார். தப்பு என்று நான் வட்டம் போட்ட அதே வாய், இந்த ஒரு விஷயத்தில் புத்தகத்தை விடச் சரியாக இருந்திருக்கிறது.

இரண்டாவது, முதலில் ‘நான், நீ, அவர்கள்’ படித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் முதலில் மாறுவது அதுதான். இங்கிருந்து ரயிலேறி கோலகங்சார் போய் இறங்குங்கள். அதே பேராக்தான். ஆனால் அங்கே நீ என்பது ‘மிகே’, நான் என்பது ‘தெமான்’. பாடப் புத்தகத்தில் ‘தெமான்’ என்றால் நண்பன். நண்பனுக்குப் பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நண்பனைத் தேடாதீர்கள், பசி அவருக்குத்தான். கிளந்தானில் நான் ‘காவே’, நீ ‘டெமோ’. நெகிரி செம்பிலானில் நான் ‘டென்’. சரவாக்கில் நான் ‘காமெக்’, நீ ‘கிதாக்’. பாட்டியைப் பேராக்கில் ‘ஓப்பா’ என்பார்கள்.

மூன்றாவது, புரிந்துகொள்வது வேறு, பேசுவது வேறு. ‘ஹாங்’ என்று உங்களை ஒரு பெரியவர் கூப்பிட்டால் அது பிரியம். நீங்கள் திருப்பி அவரை ‘ஹாங்’ என்றால் அது மரியாதைக் குறைவு. நம் ‘நீ’யைப் போல. புதியவருக்கு நல்ல வழி, மாக் சிக், பாக் சிக், காக், அபாங் என்று உறவு முறை சொல்லிப் பேசுவது. இது நமக்குப் புதிதா என்ன? நாமும் அக்கா, அண்ணே என்று கூப்பிட்டுத்தானே தெரியாதவரிடம் வழி கேட்கிறோம்.

நான்காவது, புரியாதபோது ‘யா’ சொல்லாதீர்கள். ‘சாட், மாக் சிக், சாக்காப் பெலான் பெலான்’ என்று ஒரு வாக்கியம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நம் மருமகள் ஒன்றரை மணி நேரம் பயந்து உட்கார்ந்ததற்கு இந்த ஒரு வாக்கியம் இல்லாததுதான் காரணம்.

கடைசியாக, புத்தக மலாயைக் கைவிடாதீர்கள். விண்ணப்ப பாரம், நேர்முகத் தேர்வு, எஸ்.பி.எம்., அலுவலகக் கடிதம் எல்லாம் அதில்தான். ஜொகூர்க்காரரும் சபாக்காரரும் சந்தித்துக்கொள்ளும் இடம் அது. மருமகள் படித்த ஆறு மாதம் வீணாகவில்லை. அந்த அடித்தளம் இருந்ததால்தான் மூன்று விதியில் பாசார் பேச்சு அவளுக்குப் பிடிபட்டது. பேனாவுக்கு ஒரு மொழி, நாக்குக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் சண்டை இல்லை.

பாசாரில் அவளுக்கு வாய்த்த ஆசிரியை கீரை விற்கும் ஒரு மாக் சிக். முதல் நாள் இவள் நின்று நிதானமாக, இலக்கணம் பிசகாமல் அரை கிலோ தக்காளி கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, இவள் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவளா என்று கேட்டார். முன்பென்றால் அங்கேயே அவள் முகம் வாடியிருக்கும். அன்று அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கிறவர்கள் எல்லாரும் கேலி செய்கிறவர்கள் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் தூரத்தில் வரும்போதே மாக் சிக் கையை ஆட்டி “மை, மை!” என்று கூப்பிட்டார்.

மருமகள் என் காதில், “இது எனக்குத் தெரியும்” என்றாள்.

ஏழாவது மாதம் மறுபடி தனியாக கிளினிக் போனாள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அதே தாதியாம். அதே கேள்வியாம், ‘லாகு மானா’ என்று. இவள், “பாகுய்ஹ், மிசி” என்றிருக்கிறாள். ‘சாக்கிட் டாக்’ என்றதும், “தக் டாக்” என்றிருக்கிறாள். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, “ஆடிக் ஓராங் சினி கா?” என்று கேட்டாராம். தங்கச்சி இந்த ஊர்தானா?

“நீ என்னம்மா சொன்னே?”

“ஆமான்னு சொல்லிட்டேன் அத்தை” என்றாள்.

அன்றைக்கு அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த ஊரில் இருக்கிறானோ. இதைப் படித்தால் அவனுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தம்பி, உங்கம்மா பேசியது தப்பில்லை. உன் நோட்டில் நான் போட்ட சிவப்பு மை அந்தப் பக்கத்தோடு நின்றிருக்க வேண்டும்.

பேரனோ பேத்தியோ இந்த மாதக் கடைசியில் வரப்போகிறது. வீட்டில் தஞ்சாவூர்த் தமிழும் பாரிட் புந்தார்த் தமிழும் கேட்கும், வாசலில் வடக்கு மலாய் கேட்கும், பள்ளிக்குப் போனால் புத்தக மலாய் வரும். குழந்தைக்கு ஒரு குழப்பமும் வராது. குழப்பமெல்லாம் சிவப்புப் பேனா பிடித்த நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

அடுத்த வாரம் பார்ப்போம்.